நாளைக்கு என்றால் எந்த நாள்?

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய நாடகத்தை இரண்டு தடவை படித்தேன். குருபோங் தாமான் வீடுகள், தொழிற்சாலை பஸ், வாட்சப் காதல் எல்லாம் நீ கண்ணால் பார்த்து எழுதியவை, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சிரிப்பு வரவேண்டிய இடமெல்லாம் உன் நாயகியின் உடம்பைக் கேலி செய்கிறாய். அதை எடுத்துவிடு. ஏன் என்று சொல்ல எனக்கு நாடகாசிரியர் கிரேஸி மோகனை விட்டால் ஆள் இல்லை.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியர் அவர். 1976இல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகம்தான் அவர் பெயரோடு ‘கிரேஸி’யை ஒட்டவைத்தது. 1979இல் சொந்தக் குழு. ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை கே.பாலசந்தர் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கினார். 2019இல் காலமானார். அவர் நாடகங்களில் நாயகன் மாது, நடிப்பவர் தம்பி பாலாஜி. நாயகி ஜானகி, அது அவருடைய ஆசிரியையின் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கீழாக எழுதக் கை வருமா, யோசித்துப் பார்.

அவருக்குச் சிரிப்பு சொல்லிலிருந்து முளைக்கும். சொன்னவன் ஒன்று நினைப்பான், கேட்டவன் வேறொன்று எடுத்துக்கொள்வான். அவர் வசனம் எழுதிய ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தை இன்னொரு தரம் பார். சர்க்கஸ் முதலாளி மகள் தன்னைத்தான் விரும்புகிறாள் என்று நம்பி, அப்பு பதிவுத் திருமணத்துக்குப் போகிறான். அவனைக் கூப்பிட்டது சாட்சிக் கையெழுத்துக்கு. அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த அதே தப்பெண்ணம் அங்கே அவனை அநாதையாக நிறுத்திவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உன் பாட்டி இருந்த தோட்ட லயத்தில் இப்படி ஒரு தப்பெண்ணம் ஒரு நாள் தாங்காது. பக்கத்து வீட்டில் யாராவது காதில் வாங்கி, பால்மரக் காட்டுக்குப் போகும் வழியிலேயே தீர்த்துவைத்துவிடுவார்கள். தாமானில் கிரில் கதவு பூட்டிக் கிடக்கிறது. எடுத்துச் சொல்ல ஆளில்லை. உன் கதைக்கு அதுதான் மண்.

உன் நாடகத்தில் நாயகன் இரவு ஷிப்ட், நாயகி பகல் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு அவன் பஸ்ஸைவிட்டு இறங்குகிறான், அவள் ஏறுகிறாள். “நாளைக்குப் பேசுவோம்” என்கிறான். நீ இதைச் சும்மா தாண்டிப் போய்விட்டாய்! அன்று செவ்வாய்க்கிழமை என்று வை. ராத்திரி முழுக்கத் தூங்காத அவனுக்கு இன்னும் திங்கள் முடியவில்லை. தூங்கி எழுந்தால்தான் ‘நாளை’. செவ்வாய் சாயங்காலம் சட்டையை இஸ்திரி போட்டு, ஒட்டுக்கடையில் இரண்டு தே தாரேக் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளோ புதன்கிழமைக்காகப் பூ வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கிறாள். ஒரு கிளாஸ் அப்படியே ஆறிப்போகிறது.

அடுத்த காட்சியை அந்தக் கிளாஸிலிருந்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா