வேலையை விட்டாத்தான் கலையா? கும்பகோணத்து எழுத்தாளர்கள் கணக்கு என்ன சொல்லுது?



"வேலையை விட்டுட்டு முழுநேரமா வரையலாம்னு இருக்கேன். எவ்வளவு பணம் சேத்து வெச்சா தைரியமா விடலாம்?" வரையறதுங்கிற இடத்துல எழுத்து, வயலின், குறும்படம்னு மாறும். கேள்வி இதேதான். கேக்கறவங்க பெரும்பாலும் 25, 28 வயசு, ஐடி இல்லன்னா பேங்க் வேலை.

பதிலுக்கு முன்னாடி தாராசுரம் பக்கம் போவோம். வெளியூர்க்காரங்களுக்குத் தாராசுரம்னா ஐராவதேஸ்வரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் கட்டினது, 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. உள்ளூர்க்காரங்களுக்கு அதோட பட்டுத்தறியும் சேர்த்துத்தான் தாராசுரம். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையா நெசவு செய்யற ஊர். பக்கத்துலயே கும்பகோணம். அதே நெசவு உலகத்துல பட்டு ஜரிகை வியாபாரம் பண்ணினவர்தான் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம்.

1920-ல பிறந்தவர். 16 வயசுலயே மணிக்கொடியில கதை வந்தாச்சு. வியாபாரத்துல நல்ல வசதி. 1948-ல 'தேனீ'ன்னு ஒரு இலக்கியப் பத்திரிகை ஆரம்பிச்சார். தரமான பத்திரிகை, ஆனா பணம் போச்சு. பின்னால வியாபாரத்தையும் விட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். அப்புறம் குடும்பம் ஓடறதுக்காகப் பதிப்பகத்துக்கு வாழ்க்கை வரலாற்று நூல்களா எழுதித் தள்ளினார். 'காதுகள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைச்சது 1993-ல, அவருக்கு 73 வயசுல.

இங்க கொஞ்சம் நிதானமா பாருங்க. வேலையை விட்டா முழு நாளும் நம்ம கலைக்குத்தான்னு நினைக்கறோம். அவருக்கு என்ன ஆச்சு? ஜரிகை வியாபாரம் பார்த்த இடத்துல, ஆர்டருக்கு எழுதற வேலை வந்து உக்காந்துடுச்சு. அதுவும் ஒரு வேலைதான். சொல்லப்போனா இன்னும் கஷ்டம், ஏன்னா ராத்திரி சொந்தக் கதை எழுத வேண்டிய அதே கையும் மூளையும் பகல்லயே தேஞ்சு போயிருக்கும். இன்னிக்கு லோகோ, கல்யாண ஆல்பம்னு ஃப்ரீலான்ஸ் பண்ற ஆர்ட்டிஸ்ட் யாரையாவது கேட்டுப் பாருங்க, இதையேதான் சொல்லுவாங்க.

இன்னொண்ணு. அவரோட 'வேள்வித்தீ' நாவல் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையைப் பத்தினது. அந்தத் தொழிலுக்குள்ள இருந்தவருக்குத்தான் அது கிடைக்கும். பிழைப்புக்குன்னு பார்த்த தொழில், நாவலுக்கு விஷயமும் கொடுத்திருக்கு.

அவரோட நண்பர் தி. ஜானகிராமன் வேற வழி. பத்து வருஷம் போலப் பள்ளி ஆசிரியர், அப்புறம் அகில இந்திய வானொலியில கல்வி ஒலிபரப்பு வேலை. நாவல், சிறுகதை, நாடகம், பயணக்கட்டுரைன்னு அவர் எழுதினதுல பெரும்பகுதி மாசச் சம்பளத்தோட நடந்தது. ந. பிச்சமூர்த்தி வக்கீலா இருந்தார், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. புதுக்கவிதைக்கு முன்னோடின்னு அவரைத்தான் சொல்றோம். அதே ஊர் கு.ப. ராஜகோபாலனுக்குக் கண்ணுல கோளாறு, அரசு வேலை போச்சு. பார்வை திரும்பக் கிடைச்சது, வேலை கிடைக்கல. எழுதியே பிழைக்க வேண்டியதாச்சு. 1944-ல, 42 வயசுல இறந்துட்டார். ஆபீஸ் கொடுக்கற குரூப் இன்ஷூரன்ஸ் போதும்னு நினைக்கறவங்க இந்த ஒருத்தர் கதையையாவது மனசுல வெச்சுக்கோங்க. வேலையோட சேர்ந்து அதுவும் போயிடும். தனியா ஒரு மெடிக்கல் பாலிசி எடுங்க, கலைக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடியே.

இப்ப கணக்கு. கைக்கு 35,000 சம்பளம், வீட்டுச் செலவு 25,000னு வைங்க. இரண்டு வருஷம் வருமானமே இல்லாம கலையில இறங்கணும்னா 6 லட்சம் வேணும். மாசம் 5,000 எடுத்து வெச்சா, வட்டியை விட்டுட்டா, 120 மாசம். பத்து வருஷம்! அந்தப் பத்து வருஷம் தூரிகையைத் தொடாம காத்திருக்கப் போறீங்களா?

மாத்தி யோசிங்க. வாரத்துக்கு 6 மணி நேரம், வருஷத்துக்கு 50 வாரம், மொத்தம் 300 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளா மாத்தினா 37 நாளுக்கு மேல. ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல மதிப்புள்ள நேரம், வேலையை விடாமலே கையில இருக்கு. பணத்துக்கு, சம்பளத்துல 5 சதவீதம், அதாவது மாசம் 1,750, தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு ஆட்டோ டிரான்ஸ்ஃபர் போடுங்க. வருஷம் 21,000. கலர், கேன்வாஸ், கிளாஸ் ஃபீஸ், கண்காட்சிக்குப் போற பஸ் செலவு எல்லாம் அதுலேர்ந்து மட்டும். படம் வித்த பணமும் அங்கேயே போகணும். எமர்ஜென்சி ஃபண்ட் பக்கம் கை நீட்டவே கூடாது. இஎம்ஐ-ல கேமரா வாங்கறதை நான் ஆதரிக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. அந்தத் தவணையைக் கட்டறதுக்காகவே பிடிக்காத ஆர்டரை எடுப்பீங்க.

வருமானம் வர ஆரம்பிச்சா வரி விஷயம் வரும். இங்கதான் நிறைய பேர் தடுமாறறாங்க. தொடர்ந்து படம் வித்து வர்ற பணம் தொழில் வருமானம், அதனால ஐடிஆர்-1 செல்லாது. செலவைக் கழிச்சு நஷ்டம் வந்தா, அந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது. ரிட்டர்னை கெடுவுக்குள்ள போட்டா 8 வருஷம் வரைக்கும் கொண்டுபோய் தொழில் லாபத்துல கழிக்கலாம். சம்பளக்காரங்க வருஷா வருஷம் பழைய வரிமுறை, புதிய வரிமுறைன்னு மாத்திக்கற சௌகரியமும் தொழில் வருமானம் வந்தா போயிடும். பழையதுக்குப் போயிட்டு ஒரு தடவை புதுசுக்குத் திரும்பினா, அந்தத் தொழில் இருக்கிற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. புத்தகம் எழுதறவங்களுக்கு ராயல்டியில 3 லட்சம் வரை கழிவு உண்டு, ஆனா பழைய வரிமுறையில மட்டும்தான்.

கடைசியா, உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வேற வருமானம் கூடாதுன்னு இருக்கா, நீங்க உருவாக்கறது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா, முதல் படம் விக்கறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு அனுமதி வாங்கி வெச்சுக்கோங்க. மத்திய அரசு ஊழியர்னா நடத்தை விதிகளே, ஆபீஸ் வேலை கெடாத வரைக்கும், எப்பவாவது செய்யற இலக்கிய, கலைப் பணிக்கு முன் அனுமதி வேண்டாம்னு சொல்லுது. ஐடிஆர்-3-யா, ஐடிஆர்-4-ஆங்கிறதை ஒரு ஓவியரோட ஒரு வருஷக் கணக்கைப் போட்டுக் காட்டி அடுத்த வீடியோவுல பார்ப்போம்.