டப்பாவில் ஒரு ரயில் நிலையம்

வீட்டில் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கில் சின்ன ரயில் நிலையம் செய்யலாம்.

முதலில் டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அதைப் படியுங்கள். 6 என்றால் பசை நன்றாக ஒட்டும். சுவருக்கு அதை வெட்டுங்கள். 2, 5 என்றால் ஒட்டாது, பிய்ந்து வரும். நெருப்பில் காட்டி வளைக்காதீர்கள். புகை கெடுதல்.

அளவு முக்கியம். அசலைவிட 87 மடங்கு சிறிதாகச் செய்வது பலருக்குப் பழக்கம். 2 மீட்டர் உயரக் கதவு 23 மில்லிமீட்டர் ஆகிவிடும். தண்ணீர் பாட்டில் மூடி, நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி. மை தீர்ந்த ரீஃபில், கூரைக்குத் தூண். ரீஃபிலில் பசை பிடிக்காது. துளை போட்டுச் செருகுங்கள்.

பெயர்ப்பலகை மஞ்சள், எழுத்து கறுப்பு. அதில் உங்கள் ஊர்ப் பெயரை நீங்களே எழுதுங்கள்.