ஸ்பெயின் கடையும் திருப்பூர் ஊசியும்

பொங்கலுக்கு நம் அக்காமார் சிலர் திருப்பூரிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலிலும், பின் பஸ்ஸிலும் பயணம் செய்து ஜவ்வாது மலைக்கு வருவதுண்டு. “எங்கள் கம்பெனியில் தைக்கும் பனியன் ஸ்பெயினுக்குப் போகிறது” என்று அவர்கள் பெருமையுடன் கூறக் கேட்டிருக்கிறோம். ஸ்பெயினில் அதை வாங்குபவர் யார்? அதற்கு நம் மலைப் பெண்ணின் கை ஏன் தேவைப்படுகிறது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் லா கொருன்யா என்னும் துறைமுக நகர் உள்ளது. அங்கே அமான்சியோ ஓர்த்தேகா என்னும் ரயில்வே ஊழியரின் மகன், வறுமையால் பள்ளியை விட்டு ஒரு சட்டைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1963-இல் உறவினருடன் சிறு தையற்கூடம் தொடங்கினார். அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்கள் பலர் அவருக்குத் தைத்துக் கொடுத்தனர். 1975-இல் ‘ஜாரா’ என்னும் முதல் கடை திறக்கப்பட்டது. 1985-இல் ‘இண்டிடெக்ஸ்’ என்னும் தாய் நிறுவனம் உருவாயிற்று. பார்சிலோனா நகரில் 1984-இல் தோன்றிய ‘மாங்கோ’வும் இத்தகையதே. டாட்டா குழுமத்தின் டிரெண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, 2010-இல் ஜாரா இந்தியாவிலும் கடை திறந்தது.

இவர்களுடைய வியாபாரத்தின் இரகசியம் வேகமே. எந்த உடை விற்கிறது, எது தேங்குகிறது என்னும் செய்தி கடைகளிலிருந்து உடனுக்குடன் தலைமை அலுவலகத்துக்குச் செல்கிறது. சில வாரங்களிலேயே புதிய உடை கடைக்கு வந்துவிடுகிறது. ஆகவே, அடிக்கடி மாறும் நாகரிக உடைகளை ஸ்பெயின், போர்த்துக்கல், மொராக்கோ, துருக்கி போன்ற அருகிலுள்ள நாடுகளில் தைக்கச் செய்கின்றனர். அதிகம் மாறாத பனியன் போன்றவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு, கூலி குறைவான தூர நாடுகளில் வாங்குகின்றனர். திருப்பூருக்கு வேலை வருவது இவ்வாறுதான்.

அங்கே ஒரு பனியன் உருவாகப் பல கைகள் வேண்டும். நூலைத் துணியாக்கிச் சாயமேற்றிய பின் கட்டிங் மாஸ்டர் வெட்டுகிறார். டெய்லர்கள் ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களில் தைக்கின்றனர். பின்னர் செக்கிங், அயர்னிங், பேக்கிங். புதிதாகச் செல்லும் பெண் பெரும்பாலும் டெய்லருக்கு உதவும் ‘கைமடி’யாகவே தொடங்குகிறாள்.

இத்தொழிலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. தமிழ்நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில், மூன்றாண்டு வேலைக்குப் பின் திருமணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வைத்த ‘சுமங்கலித் திட்டம்’ பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வுகள் உலகின் கண்களைத் திறந்தன. அதற்கு முன்பே, 2007-இல், இண்டிடெக்ஸ் நிறுவனம் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புடன் ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. தனக்குப் பொருள் தரும் ஆலைகளிலும் தொழிலாளர் உரிமை காக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் ஏட்டிலுள்ள உரிமை, அதை அறிந்து கேட்பவருக்கே பயன் தரும்.

சென்ற ஆண்டு எங்களுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்த தோழியர் இருவர் இன்று வகுப்பில் இல்லை. தரகர் ஒருவர் வீட்டில் முன்பணம் கொடுத்தாராம். தையல் வேலையை நாங்கள் இழிவாகக் கருதவில்லை. அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆயினும், படிப்பை முடித்து, பதினெட்டு வயது நிறைந்து செல்பவள், சம்பளச் சீட்டைப் படித்துப் பார்ப்பாள், வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் எங்கே என்று கேட்பாள். விரும்பாவிடில் வீடு திரும்பும் வழியும் அறிவாள்.

பெற்றோரே, தரகர் வாசலுக்கு வரும்போது, “பிள்ளை படிப்பை முடிக்கட்டும்” என்று ஒரு சொல் கூறுங்கள். தோழியரே, விடுமுறையில் அந்த இருவரின் வீட்டுக்கும் சென்று, மீண்டும் பள்ளிக்கு வருமாறு அழைப்போம். அவர்களுடைய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.