காற்று திருப்பிவிட்ட பயணம்

நம்ம பக்கத்துத் தோட்டங்களின் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். டன்கெல்ட், ஹோலிரூட், கிளன்லயன், பெல்மோரல். இவை எல்லாம் ஸ்கொட்லாந்து நாட்டின் ஊர், மாளிகை, பள்ளத்தாக்குப் பெயர்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். தினமும் நம் வாயில் வரும் பெயர்களின் சொந்த நாட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? இந்த முறை, அங்கே 1773ஆம் ஆண்டு நடந்த ஒரு பயணத்தைப் பாடமாகப் படிப்போம்.

போனவர்கள் யார்?

ஒருவர் டொக்டர் சாமுவேல் ஜோன்சன். 1755இல் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்ட இங்கிலாந்து அறிஞர். வழியிலேயே அவருக்கு 64 வயது பிறந்தது. மற்றவர் ஜேம்ஸ் பொஸ்வெல். ஸ்கொட்லாந்து வழக்கறிஞர், முப்பது வயது தாண்டிய இளைஞர். 1773 ஓகஸ்ட் 18ஆம் திகதி எடின்பரோ நகரிலிருந்து இருவரும் புறப்பட்டார்கள்.

எதைப் பார்க்க? ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் மக்கள் குலம் குலமாக, தங்கள் தலைவரின் கீழ் வாழ்ந்து வந்தார்கள். 1746இல் கலொடன் என்ற இடத்துப் போரில், கிளர்ச்சி செய்த குலங்கள் தோற்றுப் போயின. அதன் பிறகு அரசாங்கம் அவர்கள் ஆயுதம் வைத்திருப்பதையும், மலைநாட்டு உடை உடுத்துவதையும் தடுத்தது. தலைவர்களும் மெல்ல மெல்ல வெறும் நிலச்சொந்தக்காரர்கள் ஆகிக் குத்தகையை ஏற்றினார்கள். அந்தப் பழைய வாழ்க்கையில் மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஜோன்சனின் ஆசை. கூடவே அயோனா தீவையும் பார்க்க வேண்டும். 563இல் புனித கொலம்பா மடம் கட்டிய புண்ணிய பூமி அது. பழைய அரசர்களின் கல்லறைகளும் அங்கே உண்டு.

ஒரு நடனம்

ஸ்கை தீவில் ஒக்டோபர் 2ஆம் திகதி இரவு ஒரு நடனத்தைப் பார்த்தார்கள். அதன் பெயர் 'அமெரிக்கா'. முதலில் ஒரு சோடி சுழலும். அது அடுத்த சோடியைக் கிளப்பிவிடும். கடைசியில் எல்லோருமே சுழன்றுகொண்டிருப்பார்கள். ஒரு குடும்பம் கப்பல் ஏறினால் அடுத்த குடும்பமும் கிளம்பி, ஊரே காலியாவதைத்தான் அந்த நடனம் காட்டியது. முந்தின வருடம் கப்பல் புறப்பட்டபோது, கரையில் நின்ற சொந்தக்காரர்கள் தரையில் விழுந்து புரண்டு புல்லைப் பல்லால் பிய்த்தார்களாம். அடுத்த வருடம் ஒருவர் கண்ணிலும் நீர் இல்லையாம். நாமும் சீக்கிரம் போய்விடுவோம் என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது.

திட்டம் மாறியது

மறுநாள் சின்னப் பாய்மரக் கப்பலில் மல் தீவை நோக்கிப் புறப்பட்டார்கள். அங்கிருந்து அயோனா போவது திட்டம். ஆனால் மாலையில் காற்று மாறிப் புயலாகிவிட்டது. இருட்டு, மழை, மலை மலையாக அலை. ஜோன்சன் கீழ்த்தட்டில் படுத்திருந்தார். ஒரு வேட்டை நாய் முதுகோடு ஒட்டிப் படுத்து அவருக்குச் சூடு தந்தது. மேலே பொஸ்வெல் பயந்து நடுங்கி, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். கப்பலில் கூட வந்த டொனால்ட் மக்லீன் என்ற இளைஞர் அவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, சொல்லும்போது இழுக்கும்படி சொன்னார். அந்தக் கயிற்றால் ஒரு வேலையும் இல்லை. பயந்த மனிதரை ஒரு இடத்தில் நிற்க வைக்கும் உபாயம் அது. பொஸ்வெலே பிறகு சிரித்துக்கொண்டு இதை எழுதி வைத்திருக்கிறார்.

கடைசியில் கப்பல் போய்ச் சேர்ந்தது கோல் என்ற தீவில். திட்டத்தில் இல்லாத இடம். சுமார் 13 மைல் நீளம், 3 மைல் அகலம். தீவு முழுவதற்கும் ஒரே ஒரு கடை. காற்று ஒத்து வராததால் ஒக்டோபர் 14 வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

அங்கே என்ன கிடைத்தது?

கயிறு கொடுத்த அந்த மக்லீன்தான் தீவின் தலைவருடைய மகன். இங்கிலாந்துக்குப் போய் விவசாயம் பழகி வந்து, மாட்டுக்குத் தீனியாக டர்னிப் பயிரிட்டுக் காட்டியவர். ஜோன்சன் சும்மா இருக்கவில்லை. குதிரையில் தீவைச் சுற்றினார். எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன விளைகிறது, யார் எவ்வளவு குத்தகை கட்டுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். கோல் மக்கள் அப்போது அமெரிக்க ஆசைக்கு இன்னும் மயங்காமல், தங்கள் நிலத்திலேயே பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் எழுதினார்.

அயோனாவும் கைவிட்டுப் போகவில்லை. ஒக்டோபர் 19 இரவு அங்கே போய், களஞ்சியத்தில் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டார்கள். ஆனால் அயோனாவின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. கோல் தீவில் அவர்கள் பார்த்த வாழ்க்கைதான் இன்று இல்லை. 1774 செப்டெம்பரில், ஜோன்சனின் புத்தகம் அச்சாகி வருமுன்பே, அந்த இளைஞர் மக்லீன் படகு கவிழ்ந்து இறந்தார். அடுத்த நூற்றாண்டில் உருளைக்கிழங்கு நோயும் குத்தகை உயர்வும் கோல் மக்களையும் கப்பல் ஏற்றின. ஒரு காலத்தில் சுமார் 1,400 பேர் இருந்த தீவில் இன்று 200 பேர்கூட இல்லை. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் பாட்டன் வீட்டைத் தேடி வரும் பேரப்பிள்ளைகள், அக்காலத்துத் தீவைத் தெரிந்துகொள்ள ஜோன்சன் 1775இலும் பொஸ்வெல் 1785இலும் வெளியிட்ட புத்தகங்கள் உதவுகின்றன. காற்று திருப்பிவிடாவிட்டால் அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டே இருக்காது.

நமக்கு என்ன பாடம்?

பழமை என்றால் கோயிலும் கோட்டையும் கல்லறையும் மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். கல் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். நம்ம லயத்திலும் 'அமெரிக்கா' நடனம் நடந்ததுதானே? 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் முடிவு செய்தபோது, அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று எத்தனை குடும்பம் பிரிந்தது! அந்தப் பெயர்களும் ஊர்களும் இன்று வயதானவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கின்றன.

மழையில் பஸ் வராத நாள், மண்சரிந்து ரோட்டு மூடிய நாள், வேலை நின்ற நாள் நமக்கும் வரும். அன்று ஒரு கொப்பியை எடுத்துத் தாத்தா பக்கத்தில், அப்பாயி பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகள் எழுதட்டும்.

கேட்க வேண்டியவை:

1. நம் முன்னோர் எந்த ஊர், எந்த ஜில்லா? யாரோடு வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள்?
2. முதலில் எந்தத் தோட்டம்? எந்தக் கங்காணியின் கீழ் பெயர் பதிந்தார்கள்?
3. இந்தியா போன சொந்தக்காரர் யார் யார்? எந்த வருடம் போனார்கள்? கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது?

பதிலின் கீழே சொன்னவர் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். கொப்பியைப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.