உண்ணியும் தெள்ளும் அண்டாமல் காத்தல்

சைதாப்பேட்டையில் வாழும் நம் குடும்பத்தினருள் நாயும் பூனையும் வளர்ப்போர் சிலர் உளர். அவர்தம் உள்ளத்தில் எழும் ஐயம் ஒன்று உண்டு. நாயின்மேல் ஏறிய உண்ணியைக் கொன்றால் கொல்லாமைக்கு இழுக்கு. விட்டுவிட்டால் நம்மை நம்பி வாழும் நாய்க்குக் கேடு. இவ்விரண்டில் எது தகும்?

எறும்பு, பேன், மூட்டைப்பூச்சி முதலியவற்றை நம் ஆகமங்கள் மூவறிவுயிர் என வகுக்கின்றன. தொல்காப்பிய மரபியலும் சிதலையும் எறும்பையும் அவ்வரிசையிலேயே வைக்கிறது. உண்ணியையும் இவற்றோடு சேர்த்து எண்ணுவதில் தவறில்லை. ஆயின், அவ்வுயிர் எங்கே தோன்றுகிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. உண்ணி நாயின் உடலிலேயே பிறந்து வளர்வதாக நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது பிழை. குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரேறி, வெடிப்புக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. ஆறு காலுடன் வெளிவரும் குஞ்சு, நாயைத் தேடி ஏறி உண்டு, மீண்டும் இறங்கித் தோலுரிக்கிறது. எட்டுக் காலுடன் மறுபடியும் ஏறுகிறது. உணவின்றி மாதக்கணக்கில் காத்திருக்கவும் வல்லது. தெள்ளுப்பூச்சியின் முட்டைகளும் உதிர்ந்து, நாய் படுக்கும் கோணியிலும் தரையிடுக்கிலும் பொரிகின்றன. ஆகவே நோய் நாயில் தெரிகிறது; வேர் நம் வீட்டில் இருக்கிறது.

நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்பதும் எக்கருத்தால் அமைந்தனவோ, அக்கருத்தே இங்கும் பொருந்தும். உயிர்கள் தோன்றிப் பெருகிய பின் அவற்றை அழிக்க நேராதவாறு, தோன்ற இடங்கொடாமையே இல்லறத்தார்க்கு ஏற்ற நெறி. சைதையின் குறுகிய தெருக்களில் உள்ள பழைய வீடுகளில் சுவர்வெடிப்புக்குக் குறைவில்லை. அவற்றைச் சிமெண்டு பூசி அடைத்தல் வேண்டும். நாயின் விரிப்பை நாள்தோறும் உதறி வெயிலில் இடுக. அது படுக்குமிடத்தை அன்றாடம் பெருக்குக. தெள்ளின் புழு தின்று வளர்வது அங்குள்ள அழுக்கையே. தெருநாய்கள் கூடுமிடத்தில் உலாவி வந்த நாயின் காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்புறம் ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதும், பேன்சீப்பால் வாருவதும் பெரிதும் உதவும். வேப்பிலையைக் கொதிக்க வைத்து, நன்கு ஆறிய நீரால் நாயைக் கழுவுதல் நம் முன்னோர் கண்ட எளிய முறை.

கைம்மருந்து அனைத்தும் தீங்கற்றவை எனல் ஆகாது. சீத்தாப்பழ விதைப்பொடி கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கும். கற்பூரமும் மண்ணெண்ணெயும் நஞ்சே. பூனை தன் உடலை நக்கும் இயல்புடையதாதலால், எண்ணெய் எதனையும் அதன்மேல் பூசாதிருப்பதே நன்று. பூண்டு, வேம்பு, வசம்பு, மஞ்சள் முதலியவற்றை அரைத்து மாட்டுக்குப் பூசும் முறையைச் சிலர் நாய்க்கும் பயன்படுத்துகின்றனர்; பூண்டு நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே போக்கும்.

ஏற்கெனவே ஒட்டியிருக்கும் உண்ணியை என் செய்வது? இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி, நசுக்காமல் நேராக இழுத்தல் வேண்டும். அதைத் தெருவில் விட்டால் மற்றொரு நாயின்மேல் ஏறும் என்பது உண்மையே. இதற்கு முழுநிறைவான விடை நம்மிடம் இல்லை. அதனாற்றான் முன்காப்பை இத்துணை வற்புறுத்துகிறோம்.

நாய் உணவை வெறுத்து, சுரமுற்று, ஈறு வெளுத்து, மூக்கில் குருதி கசிந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது வேப்பிலையை நம்பிக் காலம் கடத்தலாகாது. இல்லறத்தார் நோன்பு விலக்குவது கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையையே. அடைக்கலமான உயிரைக் காக்கும் பொருட்டு மருத்துவர் தரும் மருந்தை அவ்வகையில் சேர்த்தல் முறையன்று என்பது நம் கருத்து, மாறுபடுவோரும் இருப்பர். 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. குருதியைச் சோதித்து நோயை உறுதிசெய்த பின் மருத்துவம் தொடங்கினால், பெரும்பாலான நாய்கள் தேறிவிடுகின்றன. நாய் இல்லம் திரும்புமுன் அதன் பழைய விரிப்பை அப்புறப்படுத்திவிடுக.