காணாத மலைக்குத் திரும்பியவர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

டோல்கீனின் ‘தி ஹாபிட்’ கதையில் யூதச் சாயல் எங்கே என்று கேட்டால், பலரும் குள்ளர்களின் தங்க ஆசையைத்தான் காட்டுவார்கள். அங்கிருந்து தொடங்காதே, அது யூதர்மேல் ஐரோப்பா நெடுங்காலம் சுமத்திய பழி. குள்ளர்கள் இழந்த ஊரிலிருந்து தொடங்கு. அவர்களுடைய எரபோர் மலையை டிராகன் பறித்த பிறகு, குள்ளர் தலைவன் தோரினின் மக்கள் அயலூர்களில் கொல்லுவேலை செய்தார்கள், நிலக்கரிகூட வெட்டினார்கள். டோல்கீனின் கால அட்டவணைப்படி மலை பறிபோனது 2770-இல், மீட்கப் புறப்பட்டது 2941-இல். தோரினின் மருமகன்கள் ஃபீலியும் கீலியும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர்கள். தாங்கள் ஒருநாளும் வாழாத மலையை ஊர் என்று நம்பி அவர்கள் உயிரையே கொடுக்கிறார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பின், ஜெருசலேமைப் பார்த்தேயிராத யூதத் தலைமுறைகள் அதை நோக்கியே தொழுதுவந்ததை இதனருகில் வைத்துப் பார்.

இது வாசகரின் கற்பனை மட்டுமல்ல. குள்ளர்களை எண்ணும்போது யூதர்கள் நினைவுக்கு வருவதாக 1955-இல் ஒரு கடிதத்தில் டோல்கீனே எழுதினார்: வாழும் நாட்டுக்கு உரியவர்களாகவும் அந்நியராகவும் ஒருசேர இருப்பவர்கள், ஊர்மொழியைத் தம் தாய்மொழியின் சாயலோடு பேசுபவர்கள். குள்ளர் மொழியையும் அவர் எபிரேயம்போல மூன்று மெய்களாலான வேர்ச்சொற்களின்மேல் அமைத்தார். குள்ளர்களுக்கு வெளியாருக்கென ஒரு பெயர், தமக்குள் இன்னொரு பெயர். யூதர்களிடமும் ஊரில் வழங்கும் பெயரோடு, வழிபாட்டுக்கென எபிரேயப் பெயர் உண்டு. ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்: யூதர்கள் அந்த எபிரேயப் பெயரைக் கல்லறையில் பொறிப்பார்கள், குள்ளர்களோ உட்பெயரைக் கல்லறையில்கூட வெளியிட மாட்டார்கள்.

‘இந்தக் குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவை பழைய நார்ஸ் கவிதையிலிருந்து வந்தவை ஆயிற்றே, யூதர் எங்கே வந்தார்கள்?’ என்று நீ கேட்கலாம். சரியான கேள்வி. விதை வடநாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பெயர்களோடு அலைந்த மக்களின் துயரம் அக்கவிதையில் இல்லை. அதை டோல்கீன் சேர்த்தார்.

இதைவிடக் கடினமான கேள்வி அந்தத் தங்கம்தான். டிராகனால் ஊரை இழந்த ஏரி மக்களுக்குப் பங்கு தர மறுக்கும் தோரின், அந்தப் பழைய பழிக்கு மிக அருகில் நிற்கிறான். இதை மழுப்பக் கூடாது. 1938-இல் ஒரு ஜெர்மன் பதிப்பகம் டோல்கீனின் ஆரிய வம்சாவளியை விசாரித்தபோது, திறமைமிக்க யூத மக்களில் தமக்கு முன்னோர் இல்லையே என வருந்தி அவர் ஒரு பதில் வரைவு எழுதினார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஆனால் ஆசிரியரின் நல்ல மனத்தைக் காட்டிக் கதையின் குறையை மறைக்க முடியாது. பதில் கதைக்குள்ளேயே வர வேண்டும், வருகிறது. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில், என்ன பரிசு வேண்டும் என்று எல்ஃப் பெருமாட்டி கலாட்ரியல் கேட்கும்போது, கிம்லி என்ற குள்ளன் முதலில் எதுவுமே வேண்டாம் என்கிறான். வற்புறுத்தியதும் அவள் தலைமுடியில் ஓர் இழையைக் கேட்கிறான். பின்னால் ஒளிரும் குகைகளைக் கண்டதும், குள்ளர்கள் அவற்றை வெட்டிக் குடைய மாட்டார்கள், பேணுவார்கள் என்று தன் எல்ஃப் நண்பன் லெகோலாஸிடம் வாதாடுகிறான். தோரினை மட்டும் படித்தவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். நீ கிம்லியையும் சேர்த்துப் படி.

அன்புடன்,
உன் அண்ணன்