மலைப்பாதை பஸ் பயமா? நேபாளம் போகிறவர்களுக்கு

காத்மாண்டுவிலிருந்து பொக்கராவுக்கு சுமார் 200 கி.மீ. வழியிலுள்ள முக்லிங் வரை பெரும்பகுதி திரிசூலி ஆற்றை ஒட்டியே பாதை போகும். பள்ளத்தைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் இடதுபக்க இருக்கை கேளுங்கள். அங்கும் நம்மூர் போல இடதுபக்கம்தான் வண்டி ஓடும். போகும்போது ஆறு பெரும்பாலும் வலதுபுறம் வரும். திரும்பும்போது இது மாறிவிடும்.

கடைசி வரிசை வேண்டாம், குலுக்கல் அங்கேதான் அதிகம். இரவு பஸ்ஸையும் தவிருங்கள். காலையில் கிளம்பும் சுற்றுலா பஸ் கொஞ்சம் கூடுதல் கட்டணம் என்றாலும் அதுவே நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது மண்சரிவு பயம் வீண்பயம் அல்ல. பயணத் தேதியையே மாற்றுங்கள்.

வளைவுகளில் பயம் ஏறினால் தொலைவில் அசையாத மலைமுகட்டைப் பாருங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள், படபடப்பு தணியும். ஓட்டுநர் விரட்டினால் கூச்சப்படாமல் 'பிஸ்தாரை' (மெதுவாக) என்று சொல்லுங்கள்.

இதற்கும் மனம் ஒப்பவில்லையா? விமானத்தில் அரைமணி நேரம்தான்.